பதினோராவது பெட்டி

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. தலைநகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் தீவுக்குச் சூரிய மின்சாரம் வந்து பத்து ஆண்டுகள் ஆகின்றனவாம். டீசல் காலத்தைக் கண்ட பெரியவர்கள் ஆளுக்கு நான்கு பக்கம் எழுதித் தந்தால் புத்தகமாகப் போடுவார்களாம். 'இனிய நினைவுகள்' என்ற இரண்டு சொற்களுக்கு அடியில் கோடு போட்டிருந்தார்கள்.

என்னைக் கேட்டது முறைதான். முப்பத்தொரு ஆண்டுகள் இந்தத் தீவுக்கு மின்சாரம் தந்த டீசல் இன்ஜினை ஓட்டியது எங்கள் குடும்பம். முதலில் என் அப்பா மோசெசே. அவருக்குப் பிறகு பெனிசிமானி ஆகிய நான். தீவின் பெயரை எழுதமாட்டேன். டோங்கா சிறிய நாடு. ஹாஆபாய்த் தீவுக்கூட்டத்துப் பக்கம் என்று சொன்னாலே பாதிப் பேர் எங்களுக்குச் சொந்தம். மீதிப் பேர் சொந்தம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள்.

நான்கு பக்கத்தை ஒரே காலையில் எழுதிவிட்டேன். என் மனைவி எலெனோவாவிடம் படித்துக் காட்டினேன். மரவள்ளி சீவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு. யாரோ நல்ல மனுஷன் எழுதின மாதிரி இருக்கு."

"என்ன அர்த்தம் அதுக்கு?"

"பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?"

அவள் சீவுவதை நிறுத்தவில்லை. "சரி, அப்ப அனுப்பிடுங்க."

நான் அனுப்பவில்லை. அந்த நான்கு பக்கத்தில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. மொத்தமும் சேர்ந்து பொய்யாக இருந்தது.

2

தொடக்கம் மட்டும் மூன்று முறை எழுதினேன். மூன்றையும் இங்கே வைக்கிறேன். எதையும் மறைக்கவில்லை என்று காட்டுவதற்கு இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் தொடக்கம்: 'மாலை ஆறு மணிக்கு அப்பா இன்ஜினின் கைப்பிடியைச் சுற்றுவார். முதல் மூன்று சுற்றுக்கு அது இருமும். நான்காவது சுற்றில் பிடித்துக்கொள்ளும். தரை அதிரும். அந்த அதிர்வு மணலுக்குள் போய், தேவாலயத்துப் பெஞ்சு வழியாக முதுகில் ஏறும். அப்பாவின் சட்டையில் டீசல் வாசம் ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாது. பாதிரியார் கை குலுக்கிவிட்டுத் தன் கையை முகர்ந்து பார்த்துச் சிரிப்பார். இன்ஜினை நிறுத்துவதற்கு முன் அப்பா மூன்று முறை விளக்கை மங்க வைப்பார். முதல் மங்கலில் அம்மாக்கள் பாயை விரிப்பார்கள். இரண்டாவதில் சீட்டாடுகிறவர்கள் ஏமாற்றத் தொடங்குவார்கள். மூன்றாவதில் குடும்ப ஜெபம் வேகம் பிடித்து ஆமென் வரை ஓடும். தீவு முழுவதும் எங்கள் கையில்—'

(இங்கே நிறுத்திவிட்டேன். எழுத எழுதத் தித்தித்தது. இப்படியே விட்டால் நாற்பது பக்கம் போவேன்.)

இரண்டாம் தொடக்கம்: 'நம் நாட்டில் நிலக்கரி இல்லை, எண்ணெய் இல்லை, அணை கட்ட ஆறும் இல்லை. விளக்கு எரியவேண்டுமானால் கப்பல் வரவேண்டும். ஆகவே மின்சாரத்தில் பாதியையாவது வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுப்பது என்று தேசம் தீர்மானித்தபோது—'

(இது மந்திரி பேச்சு. அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு பேசட்டும்.)

மூன்றாம் தொடக்கம்: 'எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் நான்கு ஆண்டுகள் கற்கள் இருந்தன.'

இது நிற்கட்டும். எழுதிய பிறகு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

3

கற்களைப் பற்றிச் சொல்லுமுன் என் அம்மாவின் சாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அம்மா இறந்தபோது பக்கத்துத் தீவிலிருந்து இரண்டு படகு ஆட்கள் வந்தார்கள். நாங்கள் எதிர்பார்த்தது ஒரு படகு. இரண்டாவது படகுக்காரர்களின் இலையில் வெறும் வள்ளிக்கிழங்கு மட்டும் விழுந்தது. அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் பாடிவிட்டுப் போனார்கள். ஆனால் அதற்குப் பிறகு இறைச்சி இல்லாத எந்தச் சாப்பாட்டுக்கும் 'மோசெசே வீட்டு விருந்து' என்று பெயர் வந்துவிட்டது. குழந்தைகள்கூடச் சொல்லின. யாருக்குச் சிரிப்பு, யாருக்குக் காயம் என்று குழந்தைகளுக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டே அப்பா ஒரு குளிர்ப்பெட்டி வாங்கினார். படுக்கவைத்த அலமாரி போல நீளமானது, மேலே திறக்கிற மூடி. தீவின் முதல் குளிர்ப்பெட்டி அதுதான். அதைப் பார்த்துப் பத்து வீடுகள் வாங்கின. பெட்டிகளுக்காகவே இன்ஜின் இரவும் பகலும் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. மூன்று முறை மங்கும் விளக்கு அன்றோடு போயிற்று. எங்கள் பெட்டிதான் அதைக் கொன்றது என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

வெகுகாலம் பெட்டி காலியாக இருந்ததே இல்லை. சாவோ கல்யாணமோ, எத்தனை படகு வந்தாலும் எங்கள் வீட்டில் இறைச்சி உண்டு. என் மகன் ஆக்லாந்திலிருந்து அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக ஆட்டிறைச்சி அனுப்பினான். பிறகு அவனுக்கும் பிள்ளைகள் பிறந்தன. அனுப்புவது குறைந்தது, நின்றது. அவனைக் கேட்டிருந்தால் அனுப்பியிருப்பான். நான் கேட்கிற ஆள் இல்லை.

கடைசித் துண்டு தீர்ந்ததும் பெட்டியை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதன் இரைச்சல் சாலை வரை கேட்கும். நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். சும்மா ஓடவிட்டாலும், மூடியில் கை வைக்கிறவன் காலிப் பாத்திரத்தின் சத்தத்தைக் கேட்டுவிடுவான். ஆகவே ஒரு சனிக்கிழமை, மண்ணுக்குள் கல்லைச் சுடவைத்துச் சமைக்கிற அடுப்புக் குழிக்கென்று அப்பா டோஃபுவா எரிமலைத் தீவிலிருந்து படகில் கொண்டுவந்த கருங்கற்களில் மிச்சம் கிடந்தவற்றை மாவுச் சாக்குகளில் சுற்றி உள்ளே அடுக்கினேன். எங்கள் தீவு வெறும் பவள மணல். அந்தக் கற்கள் எங்கள் முற்றத்தில் மட்டும்தான் உண்டு.*

எலெனோவா வாசலில் நின்று பார்த்தாள். "உப்பு தடவ வேண்டாமா?" என்று கேட்டாள்.

(* இந்த விவரத்தை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துதான் மாட்டிக்கொண்டேன்.)

4

இப்போது கெலெப்பி என்ற மனிதரைக் கதைக்குள் கொண்டுவரவேண்டும். அவரை நம்பலாமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

தலைநகரிலிருந்து வந்த மின்சாரக்காரர். நாற்பது வயது இருக்கும். சூரியத் தகடுகளையும் பேட்டரிகளையும் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் நட்டுவிட்டு, வீடு வீடாக வந்து மின்சாரம் குறைக்கச் சொன்னார். விளக்கை மாற்றினார். பிறகு குளிர்ப்பெட்டிகளுக்கு வந்தார்.

"ஐயா, இந்தத் தீவுல பழைய பெட்டி பதினொண்ணு இருக்கு. பதினொண்ணும் ஓடினா விடியறதுக்குள்ள பேட்டரி காலி. ஒண்ணு மிஞ்சினாலும் இன்ஜினை முழுசா நிறுத்த முடியாது. பழசக் குடுத்துட்டுப் புதுசு வாங்கிக்கலாம். சின்னதா இருக்கும், மூணுல ஒரு பங்கு கரண்ட்தான் குடிக்கும்."

"சின்னப் பெட்டியில ஒரு மாடு அடங்குமா?"

"மாட்டைக் கேட்டுத்தான் சொல்லணும்."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறிய மீட்டரை ஒரு வாரம் மாட்டிவைத்தார். என் வீட்டு மீட்டரைக் கழற்றியபோது அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்த வீட்டுப் பெட்டியெல்லாம் மேலயும் கீழயும் குதிக்குது. மூடியத் தொறக்கத் தொறக்க மோட்டார் திணறும். உங்களது ஒரே கோடு."

"நல்ல பெட்டி."

"ரொம்ப நல்ல பெட்டி. ஒரு வாரமா யாருமே தொறக்கல."

"நாங்க கண்ட நேரத்துல தின்னுற குடும்பம் இல்ல."

கெலெப்பி தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் தங்கியிருந்தது என் அக்கா லூப்பேயின் வீட்டில். அங்கே போய் என்ன சொன்னார், சொன்னாரா இல்லையா என்பது இந்தக் கதையின் ஒரு ஓட்டை. அடைக்கத் தெரியாததால் அப்படியே விட்டிருக்கிறேன்.

பத்து வீட்டுக்காரர்கள் பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். தேவாலய முற்றத்தில் எல்லோர் முன்னாலும் பழையதைத் திறந்து, உள்ளே இருப்பதைப் புதியதற்கு மாற்றி, பாதிரியார் ஆசீர்வதித்து அனுப்பினார். எல்லோர் முன்னாலும். நான் கொடுக்கவில்லை.

ஊர் வேறு காரணம் சொன்னது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு இன்ஜினைச் சாகவிடாமல் வைத்திருக்கிறான் பெனிசிமானி என்றார்கள். அதிலும் ஒரு பங்கு உண்மை. பெட்டி இருக்கும்வரை இன்ஜின் இருக்கும். இன்ஜின் இருக்கும்வரை அப்பாவின் சட்டை வாசம் இருக்கும். கப்பல் வராத மாதங்களில் தீவு இருட்டில் கிடந்ததையும், மருத்துவப் பெண் ஊசி மருந்தைக் கிணற்றில் கட்டித் தொங்கவிட்டதையும் நான் பார்த்தவன்தான். வெயிலுக்கு எதிரி இல்லை நான். ஆனாலும்—

(இந்த 'ஆனாலும்' என்பதை முடிக்க நான்கு நாள் முயன்றேன்.)

5

லூப்பே வந்தாள்.

எங்களிடையே அக்கா என்றால் தம்பிக்கு மேல். அவள் கேட்பதைத் தம்பி மறுக்க முடியாது. பாயைக் கேட்டால் பாய், பன்றியைக் கேட்டால் பன்றி. அதேபோல, வளர்ந்த அக்காளும் தம்பியும் ஓர் அறையில் உட்கார்வதில்லை, வேடிக்கை பேசுவதில்லை. எனக்குப் பத்து வயதானதிலிருந்து அவள் இருந்த அறையில் நான் இருந்ததில்லை. அறுபது ஆண்டாக வேலிக்கு அந்தப்பக்கம் அவள், இந்தப்பக்கம் நான்.

அவள் ஈரப்பலா மரத்தடியில் நின்றாள். நான் வீட்டுக்குள் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்கு அந்தப்பக்கம் அவள் குரல். இடையில் பெட்டியின் இரைச்சல்.

"பெனி, உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கேன்க்கா. நீங்க?"

"எனக்கென்ன. அந்தப் பெட்டி எனக்கு வேணும்."

என் கண் பெட்டியின் மூடிக்குப் போயிற்று.

"உள்ள இருக்கறதோட சேத்து வேணும். சனிக்கிழமை சூரிய கரண்ட் திறக்கறாங்க, தலைநகர்லேர்ந்து ஆளுங்க வராங்க. பெண்கள் சங்கத்து விருந்து. நான்தான் பொறுப்பு."

"சரிக்கா."

அதற்கு அடுத்து வந்ததுதான் இந்தக் கதையின் நடு எலும்பு. ஒருவர் சொன்னார்: 'மூடியைத் திறக்க வேண்டாம், கயிறு கட்டியே தூக்கிடலாம்.' யார் சொன்னது?

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் லூப்பே சொல்கிறாள். ஒன்றில் நான் சொல்கிறேன். மூன்றாவதில் யாரும் சொல்லவில்லை, கயிறு தானாகச் சன்னல் திண்டில் கிடக்கிறது. மூன்றும் ஒரே அளவு உண்மையாக இருக்கிறது. எலெனோவாவைக் கேட்டேன்.

"அடுப்படியில இருந்தேன். பெட்டி போட்ட சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"கொஞ்சம்கூடவா?"

"உங்க முதுகு மட்டும் தெரிஞ்சுது. அதுவே போதும்போல இருந்துச்சு."

6

நான்கு ஆண்கள் வந்தார்கள். பன்றி தூக்குகிற கம்புகளைக் கயிற்றில் கோத்துப் பெட்டியைத் தூக்கினார்கள். முதல் முறை எழும்பவில்லை. இரண்டாம் முறை எழுந்தது.

"என்னய்யா இது, மாடா மலையா?" என்றான் ஒருவன்.

"பெனிசிமானி வீட்டுப் பெட்டிடா. காத்தா இருக்கும்?" என்றான் இன்னொருவன்.

நான் நேராக நின்றேன். பெட்டியின் இரைச்சல் போன வீட்டில் சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது.

விருந்துக்குப் போகக்கூடாது என்றிருந்தேன். போகாவிட்டால் அதற்கும் ஒரு காரணம் சொல்லுவார்கள் என்று எலெனோவா சொன்னதால் போனேன். நல்ல சட்டை, இடுப்பில் கட்டும் பாய், எல்லாம் முறைப்படி. முதல் வரிசையில் உட்கார்ந்தேன். தூக்குமேடையில் நிற்கிறவன்கூட நேராகத்தான் நிற்பான்.

விருந்து வந்தது. எங்கள் வழக்கப்படி எந்த உணவு எந்த வீட்டிலிருந்து என்று ஊர்ப் பேச்சாளர் உரக்கச் சொல்லுவார். பன்றி இன்னார் வீட்டிலிருந்து, மீன் இன்னார் வீட்டிலிருந்து. பிறகு சேம்பு இலையில் பொதிந்து வெந்த மாட்டிறைச்சி, பலகை பலகையாக வந்தது.

"இது பெனிசிமானியின் பெட்டியிலிருந்து," என்றார் பேச்சாளர்.

கூட்டம் நன்றி சொன்னது. எல்லா இலையிலும் விழுந்தது. கடைசிப் படகுக்காரன் இலையிலும் விழுந்து மிச்சம் இருந்தது. தலைநகர் அதிகாரி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

பாதிரியார் நன்றி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்த அடுப்புக் குழியில் இன்னும் மூடாமல் கனன்றுகொண்டிருந்த கற்களில் ஒன்று வெடித்தது. துப்பாக்கி போலச் சத்தம். அதிகாரி தரையில் குனிந்துவிட்டார். ஈரம் ஏறிய கல் நெருப்பில் அப்படித்தான் வெடிக்கும். நாலு ஆண்டு பனி குடித்த கல்.

திரும்பிப் பார்த்தேன். குழி நிறையக் கருங்கற்கள். டோஃபுவாக் கற்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து லூப்பேயின் குரல் வந்தது. "கொழுப்புதான் வெடிக்குது. நல்ல கொழுத்த மாடு. பாதிரியார் ஜெபத்தை முடிங்க."

பாதிரியார் முடித்தார். அதிகாரி விசையைத் தட்டினார். கெலெப்பி இன்ஜினை நிறுத்த எழுந்தார். போகுமுன் என்னைப் பார்த்தார். நானே எழுந்து போனேன். கடைசி முறை நிறுத்தியது என் கை. நிறுத்துவதற்கு முன் மூன்று தடவை வேகத்தைக் குறைத்துக் கூட்டினேன். மங்க எந்த விளக்கும் இல்லை, எல்லாம் அதற்குள் வெயிலுக்கு மாறிவிட்டிருந்தன. வெளியே இருந்த வயதானவர்கள் மட்டும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து, மூன்றாவது தடவைக்குச் சிரித்தார்கள். யாரோ ஆமென் என்றார்கள்.

7

மறுநாள் தேவாலயத்துக்குப் போகும் வழியில், லூப்பேயின் கொம்பு ஒடிந்த பழுப்புப் பசு கட்டியிருந்த மரத்தைப் பார்த்தேன். கயிறு இருந்தது. பசு இல்லை. பேத்தியின் கல்யாணத்துக்கென்று அவள் வளர்த்தது.

இங்கே கதை இரண்டாகப் பிரிகிறது.

ஒரு கதையில், கெலெப்பி சொன்ன 'ஒரே கோட்டை'க் கேட்டு லூப்பேக்கு முன்பே புரிந்துவிட்டது. தம்பியை ஊர் முன்னால் மூடி திறக்கவிடாமல் காப்பாற்ற அவளுக்கு இருந்த ஒரே வழி, அக்காளின் உரிமையைச் சொல்லிப் பெட்டியைப் பிடுங்குவது. பிடுங்கினாள். பசுவை ஏற்கனவே மனதில் வெட்டிவிட்டுத்தான் ஈரப்பலா மரத்தடிக்கு வந்தாள்.

இன்னொரு கதையில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. தம்பி வீட்டு இறைச்சியை நம்பி ஊரையே விருந்துக்கு அழைத்துவிட்டாள். சனிக்கிழமை காலையில் கயிற்றை அவிழ்த்தாள். சாக்கைப் பிரித்தாள். கல். அப்போது அவள் முகம்— (எழுதமாட்டேன்.) நான் அவளை ஏமாற்றினேன், விருந்து கெட்டுவிடக்கூடாதே என்று அவள் பசுவைப் பிடித்து இழுத்துப்போனாள்.

முதல் கதையில் நான் காப்பாற்றப்பட்டவன். இரண்டாவதில் அக்காளுக்கே கல்லைக் கொடுத்தவன். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வாக்கியம், ஒரு கயிறு. அதை அவள் சொன்னாளென்றால் முதல் கதை, நான் சொன்னேனென்றால் இரண்டாவது. பத்து ஆண்டாக அவளிடம் கேட்க முடியவில்லை. தம்பி அக்காளிடம் கேட்கக்கூடிய கேள்வி இல்லை அது.

இதுவரை எழுதியதை எலெனோவாவிடம் படித்தேன். இதை அனுப்பினால் ஊருக்குத் தெரிந்துவிடும், மோசெசே குடும்பத்துப் பெயர் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒரு மாடு காணாமப் போனா இந்தத் தீவுல யாருக்குங்க தெரியாது? தூக்கினவனுக்குத் தெரியாதா கல்லுக்கும் கறிக்கும் வித்தியாசம்? பேச்சாளருக்குத் தெரியாதா அது யார் வீட்டுக் கல்லுன்னு?"

"எல்லாருக்கும் தெரியுமா?"

"பத்து வருஷமா ஊரே ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கு. பாவம், ஒரு குழந்தைகூட வாயத் தொறக்கல. 'மோசெசே வீட்டு விருந்து'ன்னு யாராவது சொல்லிக் கேட்டீங்களா அதுக்கப்புறம்?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

8

இந்தப் பிரிவு கதையில் இருந்திருக்கக்கூடாது. ஞாயிறு மதியம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதுகிறேன்.

காலையில் எலெனோவா இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டாள். நான் தரவில்லை, தடுக்கவுமில்லை. அக்காளுக்கு இப்போது கண் தெரியாது. அவள் மகள் படித்துக் காட்டுகிறாள். நான் வேலிக்கு இந்தப்பக்கம் நாற்காலியைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். இன்ஜின் இரவும் பகலும் ஓடிய காலத்தில் வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து எதுவும் கேட்டதில்லை. அது நின்ற அன்று மாலைதான் அக்காள் இருமுவதை முதன்முறையாகக் கேட்டேன். அறுபது ஆண்டு பக்கத்து வீடு. அவளுக்கு இருமல் உண்டு என்றே தெரியாது. அன்றிலிருந்து தினமும் கேட்கிறேன். டீசல் காலத்தின் இனிய நினைவுகளைக் கேட்டவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் பிரிவு முடிந்தது. 'உப்பு தடவ வேண்டாமா' என்ற இடத்தில் அக்காள் சிரித்தாள்.

நான்காம் பிரிவு. கெலெப்பி வருகிறார்.

ஐந்து. மகளின் குரல் கயிற்றுக்கு வந்து நிற்கிறது. 'யார் சொன்னது?' என்று படிக்கிறாள். நிறுத்துகிறாள். அக்காள் இருமுகிறாள். வழக்கமான இருமல்தான். பிறகு, மகளுக்குச் சொல்வதுபோல, ஆனால் மகளுக்குத் தேவையானதைவிட உரக்க, ஒரு வாக்கியம் சொல்கிறாள்.

எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அதை இங்கே எழுதமாட்டேன். அது எங்கள் வேலிக்கு உட்பட்டது. புத்தகம் போடுகிறவர்கள் இரண்டு கதைகளில் எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கும் அப்படித்தான். மூடியைத் திறக்காமல், கயிறு கட்டித்தான் தருகிறேன். கனமாக இருக்கும், முதல் முறை எழும்பாது.